பலாலிக்கு ஒரு விரற்கடை தெற்கே

சரோஜினிதேவி அக்கா என் கணினியின் மவுஸைப் பிடித்த பிடியில் அவருடைய விரல் நகங்கள் வெளுத்துப்போயிருந்தன.

"இப்ப எங்க அமத்தோணும், தம்பி?"

விமானம் புறப்படும் இடத்தில் ஒரு தடவை, இறங்கும் இடத்தில் ஒரு தடவை என்றேன். நாலாவது முறையாகச் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு அவர் பொலிஸில் நிற்க வேண்டும். கணவரைப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். வரைபடத்தில் ஒரு விமானத்தை எப்படி ஓடவிடுவது என்பதை அதற்குள் ஸ்ரீஸ்கந்தராசா ஐயாவுக்கு வாயாலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். துண்டுக் காகிதம்கூட உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

நாளைக் காலை ஐயாவின் முன்னால் கணினியை வைக்கப்போகிறார்கள். செய்து காட்டாவிட்டால், யாரை மறைக்கிறாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் கேட்பார்களாம்.

விசயம் இவ்வளவுதான். குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் ஒரு கலியாணத்தில் நின்றுவிட்டு வந்தார்கள். தரைப் பாதை பூட்டியிருந்தபடியால் பலாலியிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து கண்டிக்கு வான் வண்டி. கலியாண வீடியோவின் முடிவில் இலங்கை வரைபடம் வரும். ஒரு சின்ன விமானம் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும். பிறகு ஒரு குட்டி வான் கண்டிக்கு ஏறும். பிள்ளைகள் கைதட்டுவதற்காகச் செய்த வேலை.

கனடாவுக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப, ஐயா அந்த சீடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடி.

புலிகளின் விமானம் இரவில் வந்து கொழும்பில் குண்டு போட்டுப்போன வருடம் அது. சீடியைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தாலிகட்டைப் பார்க்கும் பொறுமை இருக்கவில்லை. ஓட்டிவிட்டுக் கடைசியைப் பார்த்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டதற்கு, நான்தான், வீட்டுக் கணினியில் செய்தேன் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

ஐயாவுக்குக் கணினியில் தெரிந்தது சீட்டாட்டம் ஒன்றுதான். அவர் வீட்டுக் கணினியில் இந்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்தவன் நான். அவர் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது அந்தக் கணினியையும் பொலிஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"இவர் வேலை செய்யிற கந்தோரில ஆரோ ஒரு பெடியன் செய்து குடுத்திருக்கிறான். இவர் அவனைக் காட்டிக்குடுக்க மாட்டார். என்னட்டைக்கூடப் பேர் சொல்லேல்லை," என்றார் அக்கா. "ஹபீலிட்டைப் போ, அவர் சொல்லித் தருவார் எண்டு மட்டும் சொன்னவர். அதுதான் உம்மட்டை வந்தனான்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று தடவையும் அவருடைய விமானம் கடலுக்குள் இறங்கியது. ஆறாவது தடவை பலாலியில் ஏறி, ஒழுங்காகக் கொழும்பில் இறங்கியது. இரண்டு பேருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாக முணுமுணுத்தார். வரைபடம், விமானம், புறப்படும் இடம், இறங்கும் இடம், எத்தனை செக்கன். பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகும் பிள்ளையைப் போல.

கீழே குட்ஷெட் பஸ் நிலையத்தில் கண்டக்டர்மார் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டு இருபது.

எழுந்து கைப்பையை எடுத்தவர், மறுபடியும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்டுக்கு மட்டும் மறுமொழி இல்லை, தம்பி."

சீடியில் விமானம் பலாலியிலிருந்து புறப்படவில்லையாம். அதற்கு ஒரு விரற்கடை தெற்கே, புலிகளின் கையிலிருந்த வன்னிக் காட்டுக்குள்ளிருந்து புறப்படுகிறதாம். நீ யாழ்ப்பாணத்தான், பலாலி எங்கே என்று உனக்குத் தெரியாதா என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவன் அந்த இடத்தைப் பிழையாக வைப்பானா? தெரிந்துதான் வைத்திருப்பான்.

"நாளைக்கும் இதைத்தான் கேக்கப் போகினம். இவர் என்ன சொல்லுறது?"

மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வழுக்கிட்டுன்னு சொல்லச் சொல்லுங்க, அக்கா. எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

கை வழுக்கிப்போச்சு, கை வழுக்கிப்போச்சு என்று அவர் அதையும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நல்லா இருக்கோணும் தம்பி என்று என் தோளைத் தொட்டுவிட்டு, வேகமாகப் படியிறங்கினார்.

நான் மாத்தளைக்கு அங்கால், வடக்கே ஒருநாளும் போனதில்லை.

பலாலி என்று ஐயா சொன்னபோது, அது எங்கே என்று கேட்க வெட்கமாக இருந்தது. வடக்கில் கண்ணுக்குப்பட்ட ஓர் இடத்தில் புள்ளியை வைத்துவிட்டேன். முடித்துப் போட்டுக்காட்டியபோது ஐயா திரையைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருப்பார்.

அதிகாரியின் கேள்விக்கு இந்த ஊரில் ஒரேயொரு மறுமொழிதான் இருக்கிறது. அதைச் சொல்ல என்னால் மட்டும்தான் முடியும். பாடம் படிக்கவா ஐயா அக்காவை என்னிடம் அனுப்பியிருப்பார்?

பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

யன்னலால் பார்த்தேன். அக்கா உதடுகள் அசைய அசைய, இரண்டு பக்கமும் பார்க்காமல் வீதியைக் கடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

யன்னலைச் சாத்தினேன்.