கேமராவில் தெரிந்த கெண்டைகள்

"அடப்பாவிங்களா! நிறுத்துங்க!"

ஜீப் நிற்கும் முன்பே குதித்து இறங்கினாள் இன்ஜினியர் தேவயானி.

சிறுபாலத்துக்குக் கீழே ஓடையில் நாலைந்து பெண்கள். ஆளுக்கொரு குண்டான். எல்லாவற்றிலும் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன.

அது அவள் போட்ட பாலம். புது மழைக்கு முட்டையிட ஜவ்வாது மலை ஓடையில் எதிர்த்து ஏறும் கெண்டைகள், ரோட்டுக்கு அடியில் சுலபமாகப் போகட்டும் என்று பெரிய குழாய் வைத்து, உள்ளே கல் பதித்து, தண்ணீரின் வேகத்தைக் குறைத்திருந்தாள்.

"மீனுக்குப் பாலமா?" என்று ஊர் கூடியிருந்த இடத்திலேயே அன்றைக்குச் சிரித்தார் மேலதிகாரி சக்கரவர்த்தி. "மீன் மட்டும் ஏறலைன்னா, இந்தப் பொண்ணை வேற எங்கயாவது தூக்கிப் போட்டுடுவேன்."

ஏறின. மேல்பக்கம் அவள் பொருத்திய கேமராவில் ஒவ்வொரு மழைக்கும் கெண்டைகள் கூட்டமாக வந்தன. ஆபீசில் உட்கார்ந்து போனில் பார்த்தே பூரித்துப் போனாள். மலையிலுள்ள மற்ற ஓடைகளுக்கும் இதே பாலம்தான் என்று கையெழுத்துப் போட, சக்கரவர்த்தியே இன்று வருகிறார்.

அவர் வருகிற நேரம் பார்த்து இந்தக் கொள்ளை!

"சின்னக்குழந்தை அக்கா, நீங்களுமா? உங்க வீட்டுல சாமைச் சோறு சாப்பிட்டவ நான். ஏறுற மீனைத் தொடக்கூடாது, அது எங்க ஊர்க்கட்டுன்னு சொன்னதே நீங்கதானே?"

சின்னக்குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். குண்டானைத் தூக்கிக்கொண்டு மேடேறி, ரோட்டைக் கடந்தாள்.

"நில்லுங்க! எங்க கொண்டு போறீங்க?"

துரத்திக்கொண்டு ஓடிய தேவயானி, ரோட்டின் மறுபக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டாள்.

கேமராவின் முதுகுப் பக்கமாகக் குனிந்து நடந்த சின்னக்குழந்தை, குண்டானை மெல்லச் சாய்த்து, மீன்களை மேல் ஓடையில் விட்டாள்.

"என்னக்கா இது?"

"மொத மழையிலயே குழா வாய்க்குக் கீழ மண்ணு அரிச்சிக்கினு பூடுச்சி மேடம். முட்டி ஒசரத்துக்குப் பள்ளம். எகிறி எகிறி வுழுதுங்க. ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது."

"அப்போ இத்தனை நாளா கேமராவுல வந்தது?"

"நாங்க தூக்கி வுட்டதுங்க."

தேவயானி திரும்பி ஓடிப்போய்க் குழாய் வாயைப் பார்த்தாள். ஒரு கெண்டை எகிறியது; சிமெண்டில் மோதி விழுந்தது. மறுபடி எகிறியது; விழுந்தது. அவள் பட்ட பெருமை அத்தனையும் குண்டானில் வந்தது!

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று பின்னாலேயே வந்த சின்னக்குழந்தையிடம் கேட்டாள்.

"சொன்னா உங்களத் தூக்கிடுவாரேன்னு பயம்தான். எங்க ஓடை மீனுக்காக அத்தினி பேரு முன்னால பேச்சு வாங்குனீங்களே. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினுதான் தொட்டோம்."

ஹாரன் சத்தம் கேட்டது. சக்கரவர்த்தி முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார்.

"சபாஷ்மா! எங்க கையெழுத்துப் போடணும்?"

பேசாமல் இருக்கும்படி பெண்கள் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்கள்.

மற்ற ஓடைகளிலும் இப்படி மோதி மோதி விழப்போகும் மீன்களை நினைத்தபோது தேவயானியால் தாங்க முடியவில்லை.

"போடாதீங்க சார். என் பாலத்துல ஒரு மீன்கூட ஏறல. தப்பு என்னோடது. திருத்தணும்."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

சின்னக்குழந்தை பதறிப்போய் அவள் காதருகே வந்து குசுகுசுத்தாள்.

"இன்னா மேடம், அவசரப்பட்டுட்டீங்களே! மழை பேஞ்சா குண்டானோட ஓடைக்குப் போயிடுங்கன்னு மத்த ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டோமே!"