சொன்னால் பலிக்காது

விழுப்புரம் கூட்டத்தில் அப்பாதுரை மேசையைக் குத்திக் குத்திப் பேசினார்.

“காய்ச்சல் மாத்திரைக்குச் சீமைக் கம்பெனிக்காரன் பேட்டண்டு வாங்கி வைத்திருக்கிறான். பதினாறு வருஷம் வேறு எவனும் அதைச் செய்யக் கூடாதாம்! யுத்தத்தால் கப்பல் வரவில்லை, ஜனங்கள் சாகிறார்கள். அவன் கொடுக்கவும் மாட்டான், நம்மைச் செய்ய விடவும் மாட்டான். இத்தனை காலமும் நம் நாட்டுப் பணம்தான் அவனுக்குக் கப்பலேறியது! உயிர் காக்கும் வித்தையைப் பூட்டி வைக்கிறவன் மனுஷனா?”

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. கழுத்து நிறைய மாலையோடு இறங்கி வந்தவரை வாசலில் மறித்தாள், அவர் நிலத்தில் கூலி வேலை செய்யும் குப்பம்மாள்.

“ஆண்டே, திண்டிவனத்துல எம் மவன் காமாலையில கிடக்குறான். இங்க தூக்கியார முடியலை. நீங்க குடுக்குற பச்சிலை பேரைச் சொன்னீங்கன்னா, அங்கேயே அரைச்சு ஊத்துவேன்.”

காமாலைக்குக் கைகண்ட மருந்து அந்த வட்டாரத்திலேயே அப்பாதுரை வீட்டில்தான் கிடைக்கும். விடியுமுன் இலையைப் பறித்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பார்.

“பேரா? வெளியே சொன்னா மருந்து பலிக்காதுடி! பரம்பரை ரகசியம், தெரியாதா உனக்கு? வழியை விடு.”

குப்பம்மாள் நகரவில்லை.

“பொட்டப்புள்ளைக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பன் எனக்கு மறைச்சுட்டே செத்தாரு. காமாலையில கிடந்த உங்கப்பாவுக்கு மட்டும்தான் பேரைச் சொன்னாரு. அதுக்கப்புறமும் பலிச்சுக்கினுதானே இருக்குது, ஆண்டே?”