தட்டிக்கு அங்கால

"இந்தப் பலகைத் தட்டியைக் கழட்டுங்கோ பாஸ். வீடு ஒரே ஹோலாய் இருக்கட்டும்," என்றார் வீட்டுக்காரர் நாகேந்திரம்.

வேலையால் வந்த சுகிர்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம்தான் அவள் மூன்று வருடமாக வாடகைக்கு இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வெள்ளவத்தையில் இன்னோர் இடம் லேசில் கிடைக்காது. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிசில் பதிய வேண்டும்; அதற்குக் கையெழுத்து வைக்க ஒரு வீட்டுக்காரர் வேண்டும்.

"அன்ரி, என்ன இது?"

"இனி இஞ்ச வாடகைக்கு ஆளில்லை எண்டு அங்கிள் பொலிசுக்கும் எழுதிப்போட்டார்," என்றாள் அவர் மனைவி சிவக்கொழுந்து.

மேசையில் பொலிஸ் பதிவுப் படிவம் கிடந்தது. முழுக்கச் சிங்களம். சுகிர்தா அதைத் தச்சு வேலை செய்த பியதாச பாஸிடம் நீட்டினாள்.

"என்ர பேரை வெட்டியிருக்கோ, பாஸ்?"

அவர் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார்.

"பேர் இருக்கு மிஸ். வாடகை எண்டதுதான் வெட்டியிருக்கு. துவ எண்டு போட்டிருக்கு."

"துவ எண்டால்?"

"மகள்."

சுகிர்தா படிவத்தை வாங்கி, அந்தச் சொல்லை விரலால் தடவினாள்.

"உன்ர கட்டில் உள்ளறையில போட்டிருக்கு," என்றாள் சிவக்கொழுந்து. "தட்டிக்கு அங்கால தனியச் சாப்பிட்டது போதும். இப்ப போய்த் தேத்தண்ணி ஊத்து. மகளுக்கு நான் ஊத்திக் குடுக்கிறேல்லை."