இரண்டு புத்தகம், ஒரே ராஜா

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லண்டன் நீதிமன்றத்துக்கு அந்த வழக்கு வந்தது. கூண்டில் நின்றவள் மார்த்தா வின்டில் என்ற விதவை. சந்துக்குள் சின்ன அச்சுக்கூடம் வைத்து, மரக்கட்டையில் தானே படம் செதுக்கிக் குழந்தைகள் புத்தகம் போடுகிறவள்.

புகார் கொடுத்தவர் ஆம்ப்ரோஸ் கில்லட், ஊரறிந்த பதிப்பாளர். அவருடைய 'சோம்பேறி ராஜா' படப் புத்தகம் நவம்பரில் வந்து சக்கைப்போடு போட்டது. மூன்றே வாரத்தில் அதே ராஜா, அதே சிப்பாய்கள், அதே சமையல்காரியோடு மார்த்தாவின் புத்தகமும் கடைக்கு வந்துவிட்டது. பிறகு கேட்கவா வேண்டும்?

கில்லட் ஜெயித்தால் கட்டைகள் பறிமுதல், அச்சுக்கூடத்துக்குப் பூட்டு. படங்கள் தன்னுடையவை என்று மார்த்தா சொல்லிப் பார்த்தாள். வசந்த காலத்திலேயே படங்களை அச்சடித்த மாதிரித் தாள்களைக் கில்லட்டிடம் காட்டினாளாம். பார்த்துச் சொல்வதாக அவர் வாங்கி வைத்துக்கொண்டாராம். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்கிற கதைதான் என்று வக்கீல்கள் சிரித்தார்கள்.

கில்லட்டுக்கு உளி பிடித்துப் பழக்கமில்லை. அதனால் வயதான செதுக்குக்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். பெரியவர் பொறுமையாக விளக்கினார். கட்டையில் இருப்பது காகிதத்தில் விழும்போது இடவலம் மாறிவிடும். ஆகவே சொந்தமாக வரைகிறவர்கள் கட்டையில் திருப்பித்தான் வரைவார்கள். அடுத்தவர் புத்தகத்தைப் பார்த்து அப்படியே கட்டையில் படியெடுத்தால், அச்சில் படம் திரும்பி விழுந்து திருட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கில்லட் எழுந்து இரண்டு புத்தகங்களையும் விரித்துப் பிடித்தார்.

"பாருங்க ஐயா. என் புத்தகத்துல சிம்மாசனம் இந்தப் பக்கம். இந்தம்மா புத்தகத்துல அந்தப் பக்கம். ஒரு படம் விடாம அத்தனையும் திரும்பியிருக்கு. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

நீதிபதிக்கும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"கடைசியா ஏதாவது சொல்லணுமாம்மா?"

"பெரியவர் சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க ஐயா" என்றாள் மார்த்தா. கில்லட் பெருமையோடு தலையாட்டினார். "ராஜா எந்தக் கையால கையெழுத்துப் போடுறார்னு மட்டும் ரெண்டுலயும் பார்த்துடுங்க."

மார்த்தாவின் புத்தகத்தில் ராஜா வலது கையால் எழுதிக்கொண்டிருந்தார். நீதிபதி கில்லட்டின் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

அதில் ராஜா, வாளை உருவிய தளபதி, பன்னிரண்டு சிப்பாய்கள், அகப்பை பிடித்த சமையல்காரி வரை அத்தனை பேரும் இடதுகைக்காரர்களாக இருந்தார்கள்.