ஊர் கேட்ட சாட்சி

காத்தாயி புருஷனின் நெற்றியில் திருநீற்றைப் பட்டையாக இழுத்துவிட்டாள். ஆவுடையப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி இறுகியது.

"மறந்துராத. அன்னிக்கிப் பொழுதுசாய எனக்குக் காய்ச்சல். வீட்டுலதான் படுத்திருந்தேன். நீதான் கசாயம் வச்சுக் குடுத்தே."

"சரிங்க."

புளியமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. மேளமில்லாமல், அவசர அவசரமாகக் காத்தாயிக்குத் தாலி ஏறியது இதே மரத்தடியில்தான். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. மண்ணை மிதிக்கவே கால் கூசியது.

நடுவில் அழகி தனியாக நின்றாள். அவள் புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவன். கண்மாய்க்கரையில் விறகு பொறுக்கப் போன இடத்தில் ஆவுடையப்பன் தன்னைக் கருவேலங்காட்டுக்குள் இழுத்துப் போய்க் கெடுத்துவிட்டான் என்பது அவள் பிராது. உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஊர்த்தலைவரான அம்பலகாரர் மலையாண்டி, ஆவுடையப்பனுக்குச் சித்தப்பா முறை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"புருசன் ஊர்ல இல்லாதவ, இருட்டுற நேரத்துல ஒத்தையில அங்கிட்டு ஏன் போனே?"

"அடுப்பெரிக்க விறகு வேணுமேங்க."

"சத்தம் போட்டியா?"

"வாயைப் பொத்திட்டாருங்க."

கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

"மானம் போகுதுன்னா பொம்பளை எப்படியாச்சும் கத்திப்புடுவா. கத்தியிருந்தா ஊரு சும்மா இருந்திருக்குமா? சமஸ்தானம் போயிருச்சு, ஊர் ஞாயம் போயிரலை. பொய்ப் பிராதுன்னு ஆச்சுன்னா மொட்டையடிச்சு எல்லையைத் தாண்டி வெரட்டிருவோம், ஆமா," என்றார் அம்பலகாரர்.

மரத்தின் மறுபக்கம் நாவிதர் ஏற்கெனவே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல மகாலட்சுமியாட்டம் பொண்டாட்டி இருக்கையில, அவரு எதுக்கு இவகிட்டப் போறாரு?" என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி. பல தலைகள் ஆடின.

"காத்தாயி, இப்படி முன்னால வாத்தா. ஒன் சொல்லுதான் சாட்சி," என்று அம்பலகாரர் கூப்பிட்டார்.

காத்தாயி முன்னால் வந்து நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். சொல்லாவிட்டால் இனி எந்த வாசலும் அவளுக்குத் திறக்காது. அழகி ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடையப்பன் மீசையை நீவினான்.

"அன்னிக்கி இவன் வீட்டுலதானே இருந்தான்?"

"இல்லைங்க மாமா. இருட்டுன பெறகுதான் வந்தாரு. வேட்டி பூரா கருவேல முள்ளு. நான்தான் எடுத்தேன்."

ஆவுடையப்பன் எழுந்தான். அம்பலகாரர் கையமர்த்தி அவனை உட்கார வைத்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"கட்டுன புருசனையே காட்டிக் குடுக்குறியா? சரி, அவ சொல்றது நெசமாவே இருக்கட்டும். மானமுள்ள பொம்பளைன்னா ஏன் கத்தலை? அதுக்குப் பதில் சொல்லு!"

காத்தாயி முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"என்னைய இவரு இழுத்துட்டுப் போனப்ப நான் கத்தத்தானே செஞ்சேன் மாமா. ஓடியாந்து பாத்த நீங்கதானே, இவரையே எனக்குத் தாலி கட்ட வச்சீங்க!"