ரொஷெல்லின் நன்றியுரை

"அழுகை வந்தா அடக்காதேம்மா. பழைய மாணவருங்க கண்ணு கலங்கினாத்தான் பர்ஸ் திறக்கும்" என்று சொல்லித்தான் டீன் ரொஷெல்லை மேடையேற்றினார்.

சட்டக் கல்லூரியின் நன்கொடையாளர் விருந்து. அவளைப் படிக்க வைப்பவரும், வாடகைக்குக் குடியிருப்போருக்கான இலவசச் சட்ட உதவி மையத்தைத் தன் பெயரிலேயே நடத்துபவருமான வக்கீல் ஹார்லன் பிரைஸ், முன்வரிசையில் வாத்துக்கறியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வாடகை கேஸ் ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிருச்சு" என்றாள் ரொஷெல். "வீட்டு ஓனரோட வக்கீல் எங்கம்மா முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கலை. கிளீவ்லாந்து பனியில வெளியே தள்ளிட்டாங்க. கார்லயே படுத்தோம். காலையில தம்பி எழுந்திரிக்கவே இல்லை."

பிரைஸ் கைக்குட்டையை எடுத்தார்.

"யாரும்மா அந்தப் படுபாவி? பேரைச் சொல்லு, நாளைக்கே அவன் வக்கீல் சன்னதைப் பிடுங்க வைக்கிறேன்!"

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. ரொஷெல் டீனைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது.

"மறந்துபோச்சு சார்."

மறுநாள் காலை உதவி மையத்தைத் திறக்கப் போனாள். வீடிழந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் வழக்கு நடந்த அன்று நீதிமன்றத்தில் கேட்ட அதே பெயர், கதவில் பொன்னெழுத்தில் மின்னியது.