ஊருக்குள்ளதான வீடு?

துணைத் தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கேள்வி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆண்கள் ஐக்கியக் கூட்டம். இருபது பேர். புதிதாக வந்தவர் எழுந்து நிற்கிறார். பெயர் நவமணி, மின்வாரியத்தில் வேலை, மாற்றலாகி வந்து பத்து நாள். சொந்த ஊரையும் சொல்லிவிட்டார்.

செயலாளர் தங்கையா வரவேற்பதில் சூரர். சால்வை போர்த்தியாயிற்று. வசன அட்டை கொடுத்தாயிற்று. மிச்சம் ஒன்றுதான்.

"ஊருக்குள்ளதான தம்பி வீடு?"

காலனியா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம்.

போன வருஷம் ஒரு வாத்தியார் வந்தார். உள்ளதைச் சொன்னார். எல்லோரும் கை குலுக்கினார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும்.

அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும் துணைத் தலைவர் வாயைத் திறக்கவில்லை.

பயம்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு, ஊருக்குள்ளதான் என்று சொல்லி உள்ளே வந்தவர். இப்போது துணைத் தலைவர்.

நவமணியின் கண் வாசல் பக்கம் போயிற்று.

துணைத் தலைவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கையா மேல் பாதி, தன் மேல் பாதி.

எழுந்தார்.

"எங்க வீடு காலனியில, தங்கையா. அப்பாவுக்கும் அங்கதான். தாத்தாவுக்கும்."

தங்கையா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஊருக்குள்ளன்னுல்லா சொன்னிய?"

"பொய் சொன்னேன். ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். உங்ககிட்ட கேக்க மாட்டேன்."



நவமணியின் கையைப் பிடித்து முன்வரிசையில், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"முடிவு ஜெபம் இன்னைக்கு என் முறை. எல்லாரும் கண்ண மூடுங்க."

மூடினார்கள்.

அவர் மூடவில்லை. போகிறவர்கள் போகட்டும் என்று, ஜெபத்தைத் தொடங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பிறகு இன்னொருவர்.

நவமணி போகவில்லை.